ஆப்பைத் திறந்தால்தான் மெசேஜ் கொட்டுதா? கனெக்‌ஷன் அறுந்து போவது எங்கே... கண்டுபிடிப்பது எப்படி?

போன் கையிலேயே இருக்கு. சிக்னல் முழுசா காட்டுது. ஆனால் ஒரு மெசேஜும் வரலை. என்னன்னு பார்க்க வாட்ஸ்அப்பைத் திறந்தால், மேலே 'கனெக்டிங்' என்று ஓரிரு நொடி ஓடுது. அடுத்த நொடியே, ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி அனுப்பின மெசேஜ் எல்லாம் மொத்தமா வந்து கொட்டுது.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். மழை நாளில் 'இன்று பள்ளி விடுமுறை' என்று வகுப்பு குரூப்பில் காலை 6 மணிக்கு வந்த தகவல், குழந்தையைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்ட பிறகு வந்தால்? ரத்தம் தேவை என்ற மெசேஜ் 3 மணி நேரம் கழித்து வந்தால்? ஆட்டோ, உணவு டெலிவரி ஆப்களை நம்பி வேலை பார்ப்பவர்களுக்கு இது இன்னும் நேரடியான அடி. ஆர்டர் சில நொடிகள்தான் திரையில் நிற்கும். அந்த நேரத்தில் கனெக்‌ஷன் இல்லை என்றால் அன்றைய வருமானத்தில் கை வைத்த மாதிரிதான்.

பலரும் உடனே திட்டுவது நெட்வொர்க் நிறுவனத்தை. ஆனால் பல நேரங்களில் குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க, முதலில் மெசேஜ் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மெசேஜ் எப்படி வந்து சேருது?

நீங்கள் அனுப்பும் மெசேஜ் நேராக நண்பரின் போனுக்குப் போவதில்லை. முதலில் அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்துதான் நண்பரின் போனுக்குப் போகும். நண்பரின் போன் அந்த நேரத்தில் சர்வரோடு தொடர்பில் இல்லை என்றால், மெசேஜ் சர்வரிலேயே காத்திருக்கும். வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை, சேராத மெசேஜ் 30 நாள் வரை காத்திருக்கும், அதன் பிறகு அழிக்கப்படும்.

போன் வேறு ஒரு இடத்தில் இருந்துகொண்டு, 'எனக்கு ஏதாவது வந்திருக்கா?' என்று ஒவ்வொரு நொடியும் சர்வரைக் கேட்டுக்கொண்டே இருந்தால் பேட்டரி அரை நாள்கூட தாங்காது. அதனால் ஒரு முறை இணைப்பை ஏற்படுத்திவிட்டு, அதை அப்படியே திறந்து வைத்திருப்பார்கள். போன் கட் பண்ணாமல் லைனில் இருப்பது போல. மெசேஜ் வந்ததும் சர்வர் அந்த லைனில் தள்ளிவிடும்.

இந்த லைன்களின் எண்ணிக்கை எவ்வளவு தெரியுமா? 2012 ஜனவரியில், ஒரே ஒரு சர்வரில் 20 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளைத் திறந்து வைத்திருப்பதாக வாட்ஸ்அப் நிறுவனமே அறிவித்தது. அவ்வளவு லைன்களில் எது உயிரோடு இருக்கு, எது செத்துப் போச்சு என்று கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் பெரிய தலைவலி.

பாட்டி கதையும் 'ம்' கொட்டுவதும்

பாட்டி கதை சொல்லும்போது பேரன் 'ம்... ம்...' என்று கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 'ம்' நின்றுவிட்டால், பிள்ளை தூங்கிட்டான் என்று பாட்டி கதையை நிறுத்திவிடுவார். ஆப்பும் சர்வரும் செய்வது இதையேதான். பேச எதுவும் இல்லாத நேரத்திலும், குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு குட்டித் தகவல் அனுப்பி 'நான் இருக்கேன்' என்று சொல்லிக்கொள்ளும். இதைத்தான் ஹார்ட்பீட் அல்லது கீப் அலைவ் என்கிறார்கள்.

இது ஏன் தேவை? இணைய இணைப்பில் ஒரு வினோதம் உண்டு. நடுவில் பாதை அறுந்தாலும், இரு முனைகளுக்கும் உடனே தெரியாது. லிஃப்டுக்குள் போனதும் போன் கால் என்ன ஆகும்? எதிர்முனையில் இருப்பவர் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருப்பார். பிறகுதான் 'ஹலோ... ஹலோ... கேக்குதா?' என்பார். அது போலவே, லைன் உயிரோடு இருப்பதாக போன் நினைக்கும். சர்வரும் அப்படியே நினைக்கலாம். ஆனால் நடுவில் எதுவும் போகாது. இந்தப் பாதி செத்த இணைப்புதான் 'சிக்னல் இருக்கு, மெசேஜ் இல்லை' என்ற நிலைக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று.

இணைய இணைப்புகளின் அடிப்படை விதிமுறையான டிசிபி 1981-ல் வகுக்கப்பட்டது. அதிலும் இப்படிச் சோதித்துப் பார்க்கும் வசதி சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் வழக்கமான இடைவெளி 2 மணி நேரம்! மெசேஜ் ஆப்புக்கு இது உதவாது. எனவே ஆப்கள் தாங்களாகவே சில நிமிடங்களுக்கு ஒரு முறை 'ம்' கொட்டிக்கொள்கின்றன.

லைன் எங்கெல்லாம் அறுபடும்?

முதல் இடம்: நடுவில் இருக்கும் வாட்ச்மேன்

பழைய முறை ஐபி முகவரிகள் உலகம் முழுவதற்கும் சுமார் 429 கோடிதான். போன்கள், கணினிகள், டிவிகள் எல்லாவற்றுக்கும் அது பத்தாது. அதனால் பலருக்கும் பொதுவாக ஒரே வெளி முகவரியைக் கொடுத்து, உள்ளே பிரித்துக் கொடுக்கும் வேலையை நெட்வொர்க் நிறுவனங்களும் வீட்டு ரௌட்டரும் செய்கின்றன. இதற்கு 'நாட்' என்று பெயர்.

அபார்ட்மென்ட் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டிலிருந்து யாரோடு பேசுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார். வெளியிலிருந்து பார்சல் வந்தால், நோட்டைப் பார்த்துச் சரியான வீட்டுக்கு அனுப்புவார். ஆனால் நோட்டில் இடம் குறைவு. ரொம்ப நேரம் பேச்சு வார்த்தை இல்லாத வீட்டின் பதிவை அடித்துவிடுவார். அதன் பிறகு வரும் பார்சல் வாசலோடு திரும்பிவிடும். வீட்டில் இருப்பவருக்கு விஷயமே தெரியாது.

டிசிபி இணைப்பின் பதிவைக் குறைந்தது 2 மணி 4 நிமிடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2008-ல் வந்த தொழில்நுட்பப் பரிந்துரை சொல்கிறது. ஆனால் நடைமுறையில் பல நெட்வொர்க்குகள் சில நிமிடங்களிலேயே அடித்துவிடுகின்றன. ஆப் 'ம்' கொட்டும் இடைவெளி அதைவிட நீளமாக இருந்தால், லைன் போச்சு.

இரண்டாவது இடம்: வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறும் நொடி

வீட்டை விட்டு வெளியே வரும்போது போன் வைஃபையை விட்டுவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவும். அப்போது போனின் ஐபி முகவரியே மாறிவிடும். பழைய முகவரியில் போட்ட டிசிபி இணைப்பு புது முகவரிக்குச் செல்லாது. முதலிலிருந்து மறுபடி இணைக்க வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 2021-ல் 'குவிக்' என்ற புது விதிமுறை அதிகாரப்பூர்வமாக வந்தது. அதில் முகவரி மாறினாலும், இணைப்புக்கு என்று தனி அடையாள எண் இருப்பதால் பேச்சு தொடரும். ஆனால் எல்லா ஆப்களும் அதைப் பயன்படுத்துவதில்லை.

இரண்டு சிம் போட்டிருக்கீங்களா? பல போன்களில், ஒரு சிம்மில் பேசும்போது இன்னொரு சிம்மின் டேட்டா நின்றுவிடும். நீண்ட கால் பேசி முடித்ததும் மெசேஜ்கள் கொட்டினால், காரணம் இதுவாக இருக்கலாம்.

மூன்றாவது இடம்: உங்கள் போனேதான்

2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-ல் 'டோஸ்' என்ற வசதி அறிமுகமானது. போன் சார்ஜில் இல்லாமல், அசையாமல், திரை அணைந்து கொஞ்ச நேரம் கிடந்தால், ஆப்கள் நெட்டைத் தொடுவதை ஆண்ட்ராய்டு தடுத்துவிடும். நடுநடுவே மட்டும் சிறிது நேரம் திறந்துவிடும். பேட்டரி மிச்சமாகும், சரி. ஆனால் ஆப்பால் 'ம்' கொட்ட முடியாது. இது போதாதென்று சில போன் தயாரிப்பாளர்கள் தங்கள் பங்குக்கு இன்னும் கடுமையான பேட்டரி சேமிப்பு முறைகளையும் சேர்த்திருக்கிறார்கள்.

நான்காவது இடம்: சர்வர்

2021 அக்டோபர் 4 இரவு, இந்திய நேரப்படி 9 மணிக்குப் பிறகு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே நேரத்தில் முடங்கின. பராமரிப்புப் பணியின்போது கொடுக்கப்பட்ட தவறான ஒரு கட்டளையால், அந்த நிறுவனத்தின் சர்வர்களுக்கு வழி சொல்லும் தகவலே இணையத்திலிருந்து காணாமல் போனது. சரியாக 6 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று போனை எத்தனை முறை அணைத்துப் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. 2022 அக்டோபர் 25 அன்றும் வாட்ஸ்அப் சுமார் 2 மணி நேரம் முடங்கியது.

அப்போ தூங்கும் போனுக்கு மெசேஜ் எப்படி வருது?

ஒவ்வொரு ஆப்பும் தனித்தனி லைன் வைத்திருந்தால் பேட்டரிக்கு ஆபத்து. அதனால் போனின் அடிப்படை மென்பொருளே எல்லா ஆப்களுக்கும் சேர்த்து ஒரு பொது லைன் வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் இது கூகுளின் ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங். ஐபோனில் ஆப்பிளின் புஷ் நோட்டிஃபிகேஷன் சேவை, இது 2009-லிருந்து இருக்கிறது.

ஆப்பின் சர்வர் இந்தப் பொது லைன் வழியாக 'எழுந்திரு, மெசேஜ் வந்திருக்கு' என்று தட்டும். ஆப் விழித்து, தன் சொந்த லைனைப் போட்டு மெசேஜை எடுத்துக்கொள்ளும். அவசரம் என்று குறிக்கப்பட்ட தட்டல், டோஸ் நிலையில் இருக்கும் போனையும் எழுப்பும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் போய் ஒரு ஆப்பை 'ஃபோர்ஸ் ஸ்டாப்' செய்துவிட்டால், நீங்களாகத் திறக்கும் வரை இந்தத் தட்டலும் அந்த ஆப்புக்குக் கேட்காது. போன் வேகமாகும் என்று நினைத்து அடிக்கடி இப்படிச் செய்பவர்கள், தங்கள் லைனைத் தாங்களே துண்டித்துக்கொள்கிறார்கள். 'கிளீனர்', 'பூஸ்டர்' என்ற பெயரில் வரும் சில ஆப்கள் செய்வதும் இதே வேலைதான்.

டிக் என்ன சொல்லுது?

குறையைக் கண்டுபிடிக்க வாட்ஸ்அப்பின் டிக் நல்ல கருவி. வீட்டில் இன்னொருவர் போனிலிருந்து உங்கள் போனுக்கு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள்.

கடிகாரக் குறி நின்றால்: மெசேஜ் அனுப்பியவரின் போனை விட்டே கிளம்பவில்லை. குறை அவர் பக்கம்.

ஒரு டிக்: சர்வர் வரை போயிருக்கு. உங்கள் போனுக்கு வரவில்லை. குறை உங்கள் லைனில்.

இரண்டு டிக் விழுந்தும் உங்களுக்குச் சத்தம் வரவில்லை: லைன் நன்றாகவே இருக்கு. நோட்டிஃபிகேஷன் அனுமதி, சைலன்ட், 'டூ நாட் டிஸ்டர்ப்', ஐபோன் என்றால் 'ஃபோகஸ்' ஆகியவற்றைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், அங்கே சேர்ந்தாலும் இரண்டு டிக் விழும். சோதிக்கும்போது அதை லாக் அவுட் செய்துவிடுங்கள்.

வரிசையாகச் சோதிப்பது எப்படி?

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது குறை என்று கடைசி வரை தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் சோதனை மெசேஜ் அனுப்பிப் பாருங்கள்.

1. ஒரு ஆப்பா, எல்லா ஆப்பா?
பிரவுசரில் ஏதாவது ஒரு தளத்தைத் திறங்க. அதுவும் திறக்கவில்லை என்றால் நெட்டே இல்லை. ரயில் நிலையம், விமான நிலையம் போன்ற இடங்களின் பொது வைஃபையில், ஓடிபி போட்டு லாகின் செய்யும் வரை வைஃபை குறி தெரியும், ஆனால் நெட் வராது.

2. வைஃபையா, டேட்டாவா?
வைஃபையை அணைத்து டேட்டாவில் சோதியுங்கள். டேட்டாவில் வருது, வைஃபையில் வரலை என்றால் குறை ரௌட்டரில் அல்லது அலுவலக நெட்வொர்க்கில். ரௌட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டால், அந்த வாட்ச்மேன் நோட்டு புதுசாகும்.

3. திரை எரியும்போதா, அணைந்த பிறகா?
சார்ஜர் இல்லாமல் போனை மேஜையில் வைத்து, ஒரு மணி நேரம் தொடாமல் விடுங்க. பிறகு சோதனை மெசேஜ் அனுப்பச் சொல்லுங்க. இப்போது தாமதமாகிறது, சார்ஜில் போட்டிருக்கும்போது மட்டும் உடனே வருது என்றால், பேட்டரி சேமிப்புதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதி.

4. பேட்டரி செட்டிங்
செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய், பேட்டரி பகுதியில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' தேர்வு செய்யுங்கள். சில போன்களில் 'ஆட்டோ ஸ்டார்ட்' என்று தனியாக ஒரு அனுமதி இருக்கும், அதையும் கொடுங்கள். 'டேட்டா சேவர்' போட்டிருந்தால் அந்த ஆப்புக்கு விலக்கு கொடுங்கள். வருமானம் தரும் ஆப், குடும்பத்தோடு பேசும் ஆப் என்று ஒன்றிரண்டுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். எல்லா ஆப்புக்கும் கொடுத்தால் மாலைக்குள் பேட்டரி காலியாகிவிடும்.

5. விபிஎன், பிரைவேட் டிஎன்எஸ்
இவை இருந்தால் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள். பிரவுசர் வேலை செய்யும்போதும் ஆப் 'கனெக்டிங்' என்றே நின்றால், இவற்றைச் சந்தேகிக்கலாம்.

6. தேதி, நேரம்
பலரும் கவனிக்காத விஷயம் இது. பாதுகாப்பான இணைப்பு போடும்போது, சர்வரின் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டதா என்று போன் சரிபார்க்கும். போனின் தேதி தவறாக இருந்தால், நல்ல சான்றிதழையும் செல்லாது என்று தள்ளிவிடும். தேதி, நேரத்தை 'ஆட்டோமேட்டிக்' என்று வைத்துவிடுங்கள்.

7. ஃப்ளைட் மோட்
சில நொடிகள் போட்டு எடுத்தால், போன் நெட்வொர்க்கில் புதிதாகப் பதிவாகும். பாதி செத்த லைன்கள் அறுந்து, புது லைன்கள் போடப்படும். உடனடி நிவாரணத்துக்கு இதுவே எளிய வழி. ஆனால் இதை தினமும் செய்ய வேண்டியிருந்தால், மூலக் காரணம் வேறு எங்கோ இருக்கு என்று அர்த்தம்.

ஆபீஸ் வைஃபையில் மட்டும் வரலையா?

சர்வருக்குள் நுழைய எண்ணிட்ட வாசல்கள் உண்டு. அவை போர்ட் எனப்படும். சாதாரண இணையதளங்கள் 443-ஐப் பயன்படுத்தும். கூகுளின் பொது லைன் 5228 முதல் 5230 வரையிலான வாசல்களையும், ஆப்பிளின் லைன் 5223-ஐயும் பயன்படுத்துகின்றன. பல அலுவலகங்களில் 443 போன்ற ஓரிரண்டைத் தவிர மற்றதை அடைத்து வைத்திருப்பார்கள். 443 வழியாக மாற்றுப் பாதை இருந்தாலும், எல்லா இடத்திலும் அது ஒழுங்காக அமைவதில்லை. தளங்கள் எல்லாம் திறக்குது, நோட்டிஃபிகேஷன் மட்டும் வரலை என்றால், அலுவலக ஐடி பிரிவிடம் இந்த எண்களைச் சொல்லிக் கேளுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

திரும்ப இணைய ஏன் இவ்வளவு நேரம்?

லைன் அறுந்ததும் ஆப் உடனே மறுபடி முயலும். தோற்றால் 1 நொடி, 2 நொடி, 4 நொடி, 8 நொடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போவது பரவலான முறை. சர்வர் முடங்கி எழும்போது கோடிக்கணக்கான போன்களும் ஒரே நொடியில் கதவைத் தட்டினால், அது மறுபடி விழுந்துவிடும். பஸ் வந்ததும் எல்லோரும் ஒரே படியில் ஏற முயல்வது போலத்தான். அதனால்தான் சிக்னல் வந்த பிறகும் சில ஆப்கள் கொஞ்சம் தாமதமாக இணைகின்றன. ஆப்பை ஒரு முறை திறந்தால் பெரும்பாலும் உடனே முயலும்.

என்ன செய்யக் கூடாது?

கோபத்தில் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். பேக்கப் எடுக்காமல் நீக்கினால், பழைய உரையாடல்களும் படங்களும் போய்விடலாம். கனெக்‌ஷன் பிரச்சினைக்கு அது பெரும்பாலும் தீர்வும் இல்லை.

இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்களுக்கு அழைத்து, அவர்கள் சொல்லும் ஆப்பை இறக்காதீர்கள். ஓடிபி சொல்லாதீர்கள். மோசடிக்காரர்களுக்கு இது பழக்கமான வழி. உதவி தேவை என்றால், அந்த ஆப்புக்குள் இருக்கும் 'ஹெல்ப்' பகுதி வழியாகவே போங்கள்.

அக்கம்பக்கத்தில் யாருக்கும் வேலை செய்யவில்லை, வேறு நெட்வொர்க்கிலும் வரவில்லை என்றால் குறை சர்வரில். போன் செட்டிங்ஸைக் கலைக்காமல் காத்திருப்பதே நல்லது.

அவசரம் என்றால்?

சாதாரண எஸ்எம்எஸ் டேட்டாவை நம்பி இருப்பதில்லை. நெட் அணைந்திருந்தாலும் டவர் இருந்தால் வந்துவிடும். வங்கி ஓடிபி டேட்டா இல்லாமலும் வருவது இதனால்தான். எனவே ரத்தம், விபத்து, மருத்துவமனை போன்ற விஷயங்களில் குரூப்பில் மெசேஜ் போட்டதோடு நிறுத்திவிடக் கூடாது. ஒரு டிக்கிலேயே நின்றால், அவருக்குத் தகவல் போகவில்லை என்று பொருள். உடனே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.